லேப்டாப்பில் மாட்டிய மானிட்டர் 60 ஹெர்ட்ஸைத் தாண்டவில்லையா? எங்கே பார்ப்பது, எப்படிச் சரிசெய்வது

144 ஹெர்ட்ஸ் (அதாவது விநாடிக்கு 144 முறை படத்தைப் புதுப்பிக்கும்) மானிட்டர் வாங்கியவர்களில் பலர் அதை மாதக்கணக்கில் 60-லேயே ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். கேபிளைச் செருகியதும் படம் வந்துவிடுகிறது, எந்த எச்சரிக்கையும் வருவதில்லை, அதனால் சந்தேகமே எழுவதில்லை. இங்கே எடுத்துக்காட்டாக எடுத்துக்கொள்வது 27 அங்குல, 2560×1440, 165 ஹெர்ட்ஸ் மானிட்டர். லேப்டாப்பில் விண்டோஸ் 11. மற்ற அளவுகளுக்கும் வழி இதேதான், எண்கள் மட்டும் மாறும்.

படி 1: விண்டோஸில் மாற்றுவது

செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அதற்குள் கீழே அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே. திறந்ததும் மேலே எந்தத் திரை என்று ஒரு பட்டியல் இருக்கும். முதலில் அதில் வெளி மானிட்டரின் பெயரைத் தேர்ந்தெடுங்கள். இதை விட்டுவிட்டு லேப்டாப் திரையின் ஹெர்ட்ஸையே மாற்றிக்கொண்டிருப்பவர்கள் நிறைய. பிறகு ரெஃப்ரெஷ் ரேட் பட்டியலில் இருப்பதிலேயே பெரிய எண். திரை கருப்பானால் எதையும் அழுத்தாமல் காத்திருங்கள். 15 விநாடியில் பழைய நிலைக்குத் தானே திரும்பிவிடும்.

அதே பக்கத்தில் டெஸ்க்டாப் மோட், ஆக்டிவ் சிக்னல் மோட் என்று இரண்டு வரிகள் உண்டு. இரண்டிலும் ஒரே ரெசல்யூஷன் இருக்க வேண்டும். மேலே 1440, கீழே 2160 என்று வேறுபட்டால், கேட்டது ஒன்று, கேபிள் வழியாகப் போவது இன்னொன்று. அப்போது டிஸ்ப்ளே அடாப்டர் ப்ராப்பர்ட்டீஸ் போய், லிஸ்ட் ஆல் மோட்ஸ் அழுத்தி, ரெசல்யூஷனும் ஹெர்ட்ஸும் சேர்ந்திருக்கும் வரியைத் தேர்ந்தெடுங்கள்.

143.97, 119.88 போன்ற எண்களைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். அது 144-ம் 120-ம்தான்.

படி 2: டூப்ளிகேட் மோடை விடுங்கள்

விண்டோஸ் விசையோடு பி அழுத்தினால் வரும் நான்கில் டூப்ளிகேட் தேர்வாகி இருந்தால், லேப்டாப் திரை 60 என்றால் மானிட்டரும் பெரும்பாலும் 60-க்கே இறங்கும். எக்ஸ்டெண்டு அல்லது செகண்ட் ஸ்கிரீன் ஒன்லி வையுங்கள்.

படி 3: மானிட்டரின் சொந்த மெனு

மானிட்டரின் பின்புற பட்டனை அழுத்தி மெனுவைத் திறந்தால் டிஸ்ப்ளேபோர்ட் (எச்டிஎம்ஐ போல இன்னொரு வகை வீடியோ இணைப்பு) வெர்ஷன் என்று ஒரு அமைப்பு சில மாடல்களில் இருக்கும். 1.1 என்று இருந்தால் 1.2 அல்லது 1.4 ஆக்குங்கள். சிலவற்றில் கடைசி 20 ஹெர்ட்ஸ் ஓவர்கிளாக் என்ற பெயரில் பூட்டி வைக்கப்பட்டிருக்கும். அதையும் ஆன் செய்ய வேண்டும். கூடவே மேனுவலில் ஒவ்வொரு போர்ட்டுக்கும் உச்ச ஹெர்ட்ஸ் என்ன என்று பாருங்கள். பெட்டியின் மேல் பெரிதாக 165 என்று போட்டிருந்தாலும், அது டிஸ்ப்ளேபோர்ட்டுக்கு மட்டும், எச்டிஎம்ஐ-க்கு 144 என்று உள்ளே சிறிய எழுத்தில் இருப்பது வழக்கம்.

படி 4: லேப்டாப் போர்ட்

இங்கேதான் பெரும்பாலான பிரச்சினை இருக்கிறது. கேபிளை மாற்றி மாற்றிக் காசு போடுவதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள். எச்டிஎம்ஐ-யில், தேவையான ஹெர்ட்ஸ் பட்டியலிலேயே இல்லை என்றால் குற்றவாளி பெரும்பாலும் கேபிள் அல்ல. மானிட்டர் தன்னால் முடிந்த மோடுகளின் விவரத்தைக் கேபிளுக்குள் இருக்கும் தனி மெதுவான கம்பிகள் வழியே லேப்டாப்புக்குச் சொல்கிறது. லேப்டாப் அதில் தன் போர்ட்டால் தாங்க முடியாதவற்றைக் கழித்துவிட்டு மிச்சத்தைக் காட்டுகிறது. மட்டமான கேபிளிலும் இந்த விவரம் ஒழுங்காகப் போய்ச் சேரும். எனவே பட்டியலில் இல்லை என்றால் போர்ட்டைப் பாருங்கள். பட்டியலில் இருந்து, தேர்ந்தெடுத்ததும் திரை மினுக்கினால் கேபிளைப் பாருங்கள்.

போர்ட்டின் வெர்ஷனை லேப்டாப் தயாரிப்பாளரின் விவரப் பக்கத்தில்தான் உறுதி செய்ய முடியும். வெறுமனே எச்டிஎம்ஐ என்று மட்டும் போட்டு எண் இல்லாவிட்டால் 1.4 என்றே வைத்துக்கொள்ளுங்கள். இன்டெல் 8, 9-ஆம் தலைமுறை லேப்டாப் சிப்களின் உள் கிராஃபிக்ஸ் நேரடியாகத் தருவது எச்டிஎம்ஐ 1.4 மட்டுமே, 2.0 வேண்டுமானால் தயாரிப்பாளர் தனி மாற்றி சிப் வைத்திருக்க வேண்டும். 11-ஆம் தலைமுறையில் 2.0 உள்ளேயே வந்துவிட்டது. என்விடியா கார்டு உள்ள லேப்டாப் என்றால் எச்டிஎம்ஐ அந்தக் கார்டோடு இணைந்திருக்கும் என்றும் எடுத்துக்கொள்ள முடியாது. என்விடியா கண்ட்ரோல் பேனலில் பிசிக்ஸ் (PhysX) அமைக்கும் பக்கத்தில் எந்த போர்ட் எந்த சிப்பிலிருந்து வருகிறது என்று படமாகவே வரைந்திருக்கும். டிஸ்ப்ளே என்ற பகுதியே அந்தப் பேனலில் காணோம் என்றால், மானிட்டர் இன்டெல் அல்லது ஏஎம்டி உள் கிராஃபிக்ஸில் தொங்குகிறது என்று அர்த்தம்.

கணக்கு இதுதான். எச்டிஎம்ஐ 1.4-இன் பிக்சல் கிளாக் உச்சம் 340 மெகாஹெர்ட்ஸ். 2.0-க்கு 600. பிக்சல் கிளாக் என்பது ஒரு விநாடியில் அனுப்பப்படும் பிக்சல்களின் எண்ணிக்கை. அதில் திரையில் தெரியும் பிக்சல்கள் மட்டும் அல்ல. ஒவ்வொரு வரியின் முடிவிலும் ஒவ்வொரு ஃபிரேமின் முடிவிலும் சும்மா போகும் இடைவெளியும் சேர்த்துத்தான். அந்த இடைவெளிக்குப் பெயர் பிளாங்கிங். 1440பி, அதாவது 2560×1440, 144 ஹெர்ட்ஸை எடுத்துக்கொள்வோம். வரிக்கு 160 பிக்சல் இடைவெளி விடும் பழைய முறையில் அகலம் 2720, உயரம் 1543. இரண்டையும் பெருக்கி, அதை 144-ஆல் பெருக்கினால் சுமார் 604 மெகாஹெர்ட்ஸ், 600-ஐத் தாண்டிவிட்டது. இடைவெளியை 80 ஆகக் குறைக்கும் புதிய முறையில் அகலம் 2640, கிளாக் 586-ஐத் தாண்டுகிறது, 587-ஐத் தொடவில்லை. உள்ளே வந்துவிட்டது. அதே மானிட்டர், அதே போர்ட், அதே 144; ஒன்று வேலை செய்யும், மற்றது பட்டியலிலேயே வராது. 1080பி (1920×1080), 144-க்கும் எச்டிஎம்ஐ 1.4-இல் இதே கூத்துதான்: பழைய முறையில் 346, புதிய முறையில் 333, எல்லை 340.

அதனால் எண்கள் எல்லைக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்தால் கஸ்டம் ரெசல்யூஷன் முயற்சிக்கலாம். என்விடியா பேனலிலேயே வசதி இருக்கிறது, ஆனால் போர்ட் உள் கிராஃபிக்ஸில் இருந்தால் அது உதவாது. கஸ்டம் ரெசல்யூஷன் யுட்டிலிட்டி, சுருக்கமாக சிஆர்யூ என்ற இலவசக் கருவியே மேல். மானிட்டரைத் தேர்ந்தெடுத்து, டீட்டெய்ல்டு ரெசல்யூஷன்ஸ் கீழ் ஆட் அழுத்தி, 2560, 1440, 144 கொடுத்து, டைமிங் பட்டியலில் சிவிடி-ஆர்பி2 (மேலே சொன்ன, இடைவெளி 80 ஆகும் புதிய முறை இதுதான்) என்பதைத் தேர்ந்தெடுத்து ஓகே. பிறகு அதே ஃபோல்டரில் இருக்கும் ரீஸ்டார்ட் ஃபைலை ஓட்டினால் கிராஃபிக்ஸ் டிரைவர் மறுபடி தொடங்கும். ரீசெட்-ஆல் என்ற ஃபைல் எங்கே இருக்கிறது என்பதையும் முதலிலேயே பார்த்து வையுங்கள்; திரை வராமல் போனால் லேப்டாப் திரையிலோ சேஃப் மோடிலோ அதை ஓட்டி மீளலாம். போர்ட் எச்டிஎம்ஐ 1.4 ஆக இருந்துகொண்டு 1440பி-யில் 144 கேட்டால் எந்தக் கருவியும் உதவாது. அங்கே 75-ஓடு திருப்தி அடைய வேண்டியதுதான், அல்லது அடுத்த படி.

படி 5: டைப்-சி இருந்தால் அதையே பிடியுங்கள்

எச்டிஎம்ஐ-யோடு மல்லுக்கட்டுவதைவிட டைப்-சி-யிலிருந்து டிஸ்ப்ளேபோர்ட்டுக்குப் போகும் ஒற்றைக் கேபிள் வாங்குவதே சிறந்தது. இடையில் மாற்றி எதுவும் இல்லாததால் சிக்கல் குறைவு. ஆனால் எல்லா டைப்-சி ஓட்டையிலும் வீடியோ வராது. பக்கத்தில் D-க்குள் P போன்ற டிஸ்ப்ளேபோர்ட் சின்னமோ, தண்டர்போல்ட்டின் மின்னல் சின்னமோ இருக்க வேண்டும். சின்னம் இல்லாமலும் சிலவற்றில் வேலை செய்யும். விவரப் பக்கத்தில் டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோட் என்ற வார்த்தை இருக்கிறதா என்று தேடுங்கள்.

டிஸ்ப்ளேபோர்ட் 1.2-இல் வீடியோவுக்குக் கிடைப்பது 17.28 ஜிபிபிஎஸ் (விநாடிக்கு ஜிகாபிட்). 1440பி, 165-க்குத் தேவை ஏறக்குறைய 16.3. போதும். 1.4-இல் 25.92, 4கே (3840×2160), 120-க்கு 25.8 வேண்டும், மயிரிழையில் உள்ளே நுழைகிறது. 4கே, 144-க்கு 31-க்கு மேல் போவதால் டிஎஸ்சி என்ற சுருக்க முறையை லேப்டாப்பும் மானிட்டரும் இரண்டும் ஆதரித்தால்தான் முழு நிறத்தோடு வரும்.

ஹப், அதாவது ஒரு டைப்-சி-யைப் பல போர்ட்டுகளாகப் பிரிக்கும் பெட்டி, போட்டீர்கள் என்றால் கதை மாறுகிறது. டைப்-சி-யில் அதிவேகப் பாதைகள் நான்கு. நேரடி டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் நான்கையும் வீடியோவுக்கு எடுத்துக்கொள்ளும். யுஎஸ்பி 3 போர்ட்டுகள் உள்ள ஹப் பெரும்பாலும் இரண்டை அவற்றுக்கு ஒதுக்கிவிட்டு மீதி இரண்டைத்தான் மானிட்டருக்குத் தரும். டிஸ்ப்ளேபோர்ட் 1.4 உள்ள லேப்டாப்பில் இரண்டு பாதைக்கு 12.96 ஜிபிபிஎஸ். 1440பி, 120-க்கு 12-க்குள் முடிந்துவிடும், வரும். 144-க்கு 14 வேண்டும், வராது. லேப்டாப்பில் டிஸ்ப்ளேபோர்ட் 1.2 என்றால் இரண்டு பாதைக்கு 8.64 மட்டுமே. பெட்டியில் 4கே, 30 ஹெர்ட்ஸ் என்று போட்ட மலிவு ஹப்பை இந்த வேலைக்கு யோசிக்கவே வேண்டாம்.

இன்னொன்று, திசை. டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து எச்டிஎம்ஐ-க்குப் போகும் சாதாரணக் கேபிளைத் தலைகீழாக, லேப்டாப் எச்டிஎம்ஐ-யிலிருந்து மானிட்டர் டிஸ்ப்ளேபோர்ட்டுக்கு மாட்டினால் படமே வராது. அந்தத் திசைக்கு யுஎஸ்பி மின்சாரம் வாங்கும் ஆக்டிவ் மாற்றி தனியாக உண்டு. அதிலும் பல 4கே, 60-ஓடு நின்றுவிடும். விலையைப் பார்த்தால் டைப்-சி கேபிளே லாபம்.

படி 6: கேபிள்

120-இல் சும்மா ஓடி, 144-இல் ஒரு விநாடி கருப்பாகித் திரும்பினால், அல்லது கருப்புப் பகுதிகளில் பொடிப்பொடியாகப் புள்ளிகள் மின்னினால் கேபிள்தான். எச்டிஎம்ஐ 2.0-க்கு பிரீமியம் ஹை ஸ்பீடு, 2.1-க்கு அல்ட்ரா ஹை ஸ்பீடு என்ற லேபிளும் ஸ்கேன் செய்து பார்க்கக்கூடிய கியூஆர் குறியும் அட்டையில் இருக்க வேண்டும். அட்டையில் 2.1 என்ற எண் மட்டும் பெரிதாக இருப்பது எதற்கும் உத்தரவாதம் இல்லை. டிஸ்ப்ளேபோர்ட்டில், அந்தத் தரத்தை வகுக்கும் வெசா அமைப்பின் சான்று பெற்றதைப் பாருங்கள். நீளம் 2 மீட்டருக்குள் இருப்பது நல்லது. படி 4-இல் சொன்ன விதிக்கு இங்கே ஒரு விலக்கு: டிஸ்ப்ளேபோர்ட்டில் இரு முனைகளும் முதலில் வேகத்தைச் சோதித்துப் பேசி முடிவு செய்துகொள்வதால், மோசமான கேபிள் இருந்தால் வேகம் குறைந்து பட்டியலிலிருந்தே பெரிய எண்கள் காணாமல் போகலாம்.

படி 7: வந்துவிட்டதா என்று பார்ப்பது

மானிட்டர் மெனுவின் இன்ஃபர்மேஷன் பக்கத்தில் காட்டும் எண்ணே உண்மை. கண்ணால் பார்க்க டெஸ்ட் யூஎஃப்ஓ தளத்தை, பிரவுசர் ஜன்னலை வெளி மானிட்டருக்கு இழுத்து வைத்துத் திறங்கள்.

பின்சேர்க்கை: அடிக்கடி வரும் கேள்விகள்

"144 வந்துவிட்டது, ஆனால் எழுத்து மங்கலாக, ஓரத்தில் சிவப்பு நீலம் கசிகிறது." நிறத் தகவல் 4:2:2 அல்லது 4:2:0 ஆகக் குறைக்கப்பட்டிருக்கிறது. கிராஃபிக்ஸ் பேனலில் அவுட்புட் கலர் ஃபார்மட்டை ஆர்ஜிபி ஆக்குங்கள். எச்டிஆர் ஆன் ஆகியிருந்தால் அணையுங்கள்: 10 பிட் நிறத்துக்கு 25 சதவீதம் கூடுதலாக வேண்டும், 1440பி, 144-இல் அது 17.6 ஜிபிபிஎஸ் ஆகிவிடும், எச்டிஎம்ஐ 2.0-இல் இருப்பது 14.4.

"என்விடியா பேனலில் 120-க்கு மேல் காணோம்." ரெசல்யூஷன் பட்டியலின் மேல்பகுதி டிவிக்கான அல்ட்ரா எச்டி, எச்டி வகை. கீழே உருட்டினால் பிசி என்ற தலைப்பு வரும். அதே 1920×1080 அங்கே இன்னொரு முறை இருக்கும், 144 அதனடியில்.

"டாக்கில் டிஸ்ப்ளேலிங்க் என்று போட்டிருக்கிறது." அது படத்தைச் சுருக்கி சாதாரண யுஎஸ்பி வழியாக அனுப்பும் முறை, பிராசசர் வேலை செய்கிறது. எக்ஸெல், மெயிலுக்கு நன்றாக இருக்கும். கேம் ஆட அதை வாங்க வேண்டாம்.

"மேக்புக்கில்?" 2021-இன் எம்1 ப்ரோ, மேக்ஸ் மாடல்களில் எச்டிஎம்ஐ 2.0தான், 2023-இன் எம்2 ப்ரோ, மேக்ஸிலிருந்து 2.1. இரண்டிலும் டைப்-சி, டிஸ்ப்ளேபோர்ட் கேபிளே என் பரிந்துரை. சிஸ்டம் செட்டிங்ஸ், டிஸ்ப்ளேஸ் பக்கத்தில் ரெஃப்ரெஷ் ரேட் இருக்கும்.

"டிரைவர் அப்டேட் ஆனதும் மறுபடி 60." ஆகும். படி 1-ஐ மட்டும் திரும்பச் செய்தால் போதும். சிஆர்யூ-வில் சேர்த்த மோடு பட்டியலில் தெரியாவிட்டால் கருவியைத் திறந்து அது இன்னும் இருக்கிறதா பார்த்துவிட்டு, ரீஸ்டார்ட் ஃபைலை ஒருமுறை ஓட்டுங்கள்.