பிரேக் பேட் சென்சார் லைட்டு எரியுதா, இல்ல புது பேட் போட்டும் போகலையா? இப்படி செக் பண்ணுங்க

முதல்ல லைட்டோட கலரப் பாருங்க, ஏன்னா ரெண்டு லைட்டப் போட்டு குழப்பிக்கிறவங்கதான் ஜாஸ்தி. மஞ்சள் கலர்ல ஒரு வட்டம், அதுக்கு ரெண்டு பக்கமும் விட்டு விட்டு கோடு இருந்தா பேட், அதாவது வீலோட சுத்துற டிஸ்க்கக் கவ்வி வண்டிய நிறுத்துற கட்டை, தேய்ஞ்சிருக்குன்னு அர்த்தம், பதறாம ஓட்டிட்டுப் போய் பாத்துக்கலாம். சிவப்புல ஆச்சரியக்குறி வந்தா கதையே வேற, ஹேண்ட் பிரேக் முழுசா இறங்கல, இல்லன்னா பிரேக் ஆயில் குறைஞ்சிருக்கு. ஹேண்ட் பிரேக்க இறக்கியும் போகலன்னா ஓரமா நிறுத்தி ஆயில் டப்பாவப் பாருங்க, பெடல் வேற உள்ள போகுதுன்னா ஓட்டவே ஓட்டாதீங்க, டோ பண்ணிடுங்க.

லீக்கே இல்லாமலும் ஆயில் இறங்கும். பேட் தேயத் தேய, அத டிஸ்க்குல அழுத்துற காலிப்பர் பிஸ்டன் வெளிய வந்துட்டே இருக்கும், அந்த இடத்துக்கு ஆயில் போயிடும், அவ்ளோதான். நம்மாளுங்க பேடப் பாக்காமலே ஆயில ஊத்தி ஃபுல் பண்ணிடுவாங்க, அப்புறம் புது பேட் போட பிஸ்டன உள்ள தள்ளும்போது டப்பா வழிஞ்சு பெயின்ட்ட அரிச்சுடும்.

சென்சார்னு பேருதான் பெருசு, உள்ள இருக்கறது வெறும் ஒரு ஒயரு. பேட்ல ஒரு ஓட்டைக்குள்ள சொருகியிருக்கும், புதுசுல 10, 12 மிமீ இருக்கற பேட் சுமார் 3 மிமீக்கு வந்ததும் டிஸ்க்கு அந்த ஒயரையும் சேத்துத் தேய்ச்சு அறுத்துடும், சர்க்யூட் கட், லைட்டு வந்துடும். நம்ம ஊர் சின்ன வண்டிங்க நிறையத்துல இந்த ஒயரே கிடையாது, பேட்ல ஒரு சின்ன தகடு இருக்கும், அது டிஸ்க்குல உரசி கீச்னு கத்தும். அதுல லைட்டுக்காக காத்திருக்காதீங்க, சத்தம்தான் வார்னிங்.

பிஎம்டபிள்யூ எஃப் 30 (3 சீரிஸ்) மாதிரி வண்டில சென்சார் ரெண்டே ரெண்டுதான், முன்னாடி இடது வீல்ல ஒண்ணு, பின்னாடி வலது வீல்ல ஒண்ணு. அது ரெண்டு கட்டமா அறுபடும், நடுவுல மிச்ச கிலோமீட்டர வண்டி கணக்குப் போட்டுதான் காட்டுது. அதனால முன்னாடி வலது பக்கம் காலிப்பர் நகர்றதுக்கு இருக்கற ஸ்லைட் பின் ஜாம் ஆகி உள்பக்க பேட் இரும்பு வரைக்கும் தேய்ஞ்சாலும் ஸ்க்ரீன்ல ஆயிரக்கணக்குல கிலோமீட்டர் மிச்சம்னு காட்டிட்டு ஜாலியா இருக்கும். லைட்ட நம்பாம நாலு வீலையும் கழட்டிப் பாருங்கன்னு சொல்றது இதுக்குத்தான், அதுவும் வெளிப்பக்க பேட மட்டும் பாத்துட்டு ஓகே சொல்ற மெக்கானிக்க நம்பாதீங்க. ஜாக்கிய மட்டும் நம்பியும் கைய உள்ள விடாதீங்க, ஸ்டாண்ட் போடுங்க.

பேட்ல நல்லா கனம் இருக்கு, ஆனா லைட்டு எரியுதுன்னா ஒயர் பக்கம் போங்க. மேடு பள்ளத்துல மட்டும் வந்து வந்து போகுதுன்னா சென்சார் ஒயர வண்டி ஒயரோட சேக்கற கப்ளரக் கழட்டிப் பாருங்க, மழைத்தண்ணியும் சேறும் போய் பின்னெல்லாம் பச்சையாப் பூத்திருக்கும், கான்டாக்ட் க்ளீனர் அடிச்சா பல நேரம் சரியாயிடும். நிறுத்தி வச்ச வண்டின்னா எலி கடிச்சிருக்கான்னும் பாருங்க. அடுத்தது சென்சாரக் கழட்டி மல்டிமீட்டர பீப் மோடுல வச்சு செக் பண்ணுங்க, பீப் வந்தா ஒயர் நல்லாருக்கு. ரெண்டு கட்ட சென்சார்ல முதல் கட்டம் போயிருந்தா பீப் வராது, ஓம்ஸ்ல வச்சா ஒரு ரீடிங் காட்டும், ஒண்ணுமே காட்டலன்னாதான் முழுசா அறுந்துருச்சுன்னு அர்த்தம். நிறைய பென்ஸ் மாடல்ல இது அப்படியே தலைகீழ், ஒயர் டிஸ்க்குல பட்டு எர்த் ஆனாதான் லைட்டு வரும், அதனால கப்ளரக் கழட்டினா லைட்டு அணைஞ்சுடும்.

புது பேட் போட்டும் லைட்டு போகலன்னா பெரும்பாலும் பழைய சென்சாரயே திரும்ப மாட்டியிருப்பாங்க. ஒரு தடவ அறுந்தா அது வேஸ்ட், புதுசு வாங்கியே ஆகணும். இல்லன்னா பின்னாடி சென்சார் போயிருக்கும், இவங்க முன்னாடி மாத்தியிருப்பாங்க. அதுவும் இல்லன்னா ரீசெட் பண்ணல. எஃப் 30ல இன்ஜின ஸ்டார்ட் பண்ணாம இக்னிஷன் மட்டும் ஆன் பண்ணி மீட்டர்ல இருக்கற ட்ரிப் பட்டன ஒரு 10 செகண்ட் அமுக்கிப் பிடிச்சா சர்வீஸ் மெனு வரும், அதுல பிரேக்குக்குப் போய் திரும்ப அமுக்கிப் பிடிக்கணும், அவசரத்துல ஆயில் சர்வீஸ ரீசெட் பண்ணிடாதீங்க. ரீசெட்ட ஏத்துக்கலன்னா சர்க்யூட் இன்னும் எங்கயோ ஓப்பனாதான் இருக்கு. பின் காலிப்பர்லயே மோட்டார் வச்ச எலக்ட்ரானிக் ஹேண்ட் பிரேக் வண்டின்னா ஸ்கேனர் இல்லாம பிஸ்டனத் தள்ளவே தள்ளாதீங்க, மோட்டார் காலி.

சில கடைல சென்சாருக்கு வர்ற ரெண்டு ஒயரையும் முறுக்கி டேப் ஒட்டி லைட்ட அணைச்சுக் குடுப்பாங்க. ஃபால்ட் சென்சார்லயா வண்டி ஒயரிங்லயான்னு கண்டுபிடிக்க அஞ்சு நிமிஷம் அப்படி வைக்கலாம், தப்பில்ல, ஆனா அதயே ரிப்பேருன்னு சொல்லி காசு வாங்கினா வண்டிய எடுத்துட்டு வந்துடுங்க. செகண்ட் ஹேண்ட் வாங்குறவங்க இத கண்டிப்பா குனிஞ்சு பாருங்க.

எல்லாம் மாட்டின பிறகு ஸ்டியரிங்க ரெண்டு பக்கமும் கடைசி வரைக்கும் திருப்பி ஒயர் டயர்லயோ ரிம்லயோ உரசுதான்னு பாருங்க, க்ளிப் ஒண்ணு விட்டுப் போனாலும் அடுத்த மாசமே அறுந்து லைட்டு திரும்ப வரும். வண்டிய நகத்துறதுக்கு முன்னாடி பெடல் கல்லு மாதிரி ஆகுற வரைக்கும் மிதிச்சுக்கோங்க, பிஸ்டன உள்ள தள்ளியிருக்கறதால முதல் மிதிக்கு பிரேக்கே பிடிக்காது.