குப்பை கொட்டுகிறவர் கேமராவில் சிக்கினால்

இரவில் டிரான்ஸ்பார்மர் அடியில் மூட்டையை வீசிவிட்டு ஸ்கூட்டரில் பறக்கும் ஆளின் சிசிடிவி காட்சி குடியிருப்போர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்ததும், “முகநூலில் போடுங்கள், மானம் போகட்டும்” என்று நாலு பேர் கிளம்பிவிடுவார்கள். சங்கச் செயலாளராக நான் அவர்களுக்குச் சொல்வது இதுதான்.

முதலில் புகார், பிறகுதான் பதிவு. சென்னை மாநகராட்சியின் 1913-ஐ அழைத்துப் புகார் எண் வாங்குங்கள். வெட்டாத முழுக் காட்சியும் வண்டி எண்ணும் அதிகாரியிடம் போகட்டும். ஊருக்குக் காட்டும் படத்தில் முகத்தையும் வண்டி எண்ணையும் மறைத்துவிடுங்கள்.

இந்த இடத்தில்தான் என்னோடு சண்டைக்கு வருவார்கள். “தப்பு செய்தவனுக்கு எதற்கு மறைப்பு?” அந்த வண்டி இரவல் வாங்கியதாக இருக்கலாம், விற்றபின் பெயர் மாற்றாததாகவும் இருக்கலாம். மூட்டையோடு வருகிறவர் வீட்டு வேலை செய்யும் பெண்ணாக இருந்தால், கொடுத்தனுப்பிய வீட்டம்மா படத்தில் விழவே மாட்டார். அடையாளம் தவறினால் என்ன ஆகும் என்பதை நாம் பார்த்திருக்கிறோம். 2018 மே மாதம், வாட்ஸ்அப்பில் பிள்ளைபிடிப்பவர்கள் பற்றிய வதந்தி பரவியிருந்த நேரத்தில், திருவண்ணாமலை மாவட்டத்தில் கோயிலுக்குப் போன ஒரு மூதாட்டியைக் கும்பல் அடித்தே கொன்றது. அவர் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்ததுதான் சந்தேகத்துக்குக் காரணம்.

வாசகத்தில் கண்ணால் கண்டது மட்டும் இருக்கட்டும்: தேதி, நேரம், இடம், ஒருவர் மூட்டை வீசினார், புகார் எண் இது. ‘பொறுக்கி’ வேண்டாம், ‘அந்தப் பக்கத்து ஆட்களே இப்படித்தான்’ வேண்டவே வேண்டாம். உண்மையைத்தானே எழுதினேன் என்பது முழுப் பாதுகாப்பு ஆகாது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சங்கிதாவின் 356-ஆம் பிரிவின்படி, அது பொதுநன்மைக்காகச் சொல்லப்பட்டதாகவும் இருக்க வேண்டும்; அவதூறு என்று தீர்ப்பானால் 2 ஆண்டு வரை சிறை உண்டு. காட்சியில் சிறுவர்கள் இருந்தால் பொதுவில் போடாதீர்கள்.

மாநகராட்சிக் கணக்கை டேக் செய்யுங்கள், அந்த ஆள் வேலை செய்யும் நிறுவனத்தை அல்ல. குப்பை கொட்டியதற்கு அபராதம் உண்டு. அதற்காக ஒருவரின் வேலையைப் பறிக்கும் உரிமை நமக்கு யார் கொடுத்தது?

பின்னூட்டங்களைக் காலையும் மாலையும் பாருங்கள். யாராவது வீட்டு முகவரியையோ கைபேசி எண்ணையோ துப்பறிந்து எழுதியிருந்தால் உடனே நீக்குங்கள். குப்பை அள்ளப்பட்டதும் அதையும் அதே பதிவில் எழுதிவிட்டு, பின்னூட்டப் பகுதியை மூடிவிடுங்கள்.