சி மொழிப் புத்தகம் வாங்கும் முன் கடையிலேயே பார்க்க வேண்டியவை

சி என்ற நிரல்மொழியைக் கற்கப் புத்தகம் எடுக்கும்போது அட்டையில் உள்ள ஆண்டை நம்ப வேண்டாம். உள்ளே உள்ள நிரல்கள் எந்தக் கம்பைலருக்காக (நிரலைக் கணினி ஓட்டக்கூடிய வடிவுக்கு மாற்றும் மென்பொருள்) எழுதப்பட்டவை என்று பாருங்கள். பாதிப் பிரச்சினை அங்கேதான் இருக்கிறது.

படி 1: பதிப்பு விவரப் பக்கம். ‘மறுபதிப்பு’ என்றால் தாள்தான் புதிது. ‘திருத்திய பதிப்பு’ என்று இருந்தால் அடுத்த படிக்குப் போங்கள்.

படி 2: முதல் நிரல். இதில் அவசரம் வேண்டாம். ‘கோனியோ.ஹெச்’ (conio.h), ‘வாய்ட் மெயின்’ (void main), ‘கிளியர் ஸ்கிரீன்’ (clrscr), ‘கெட்ச்’ (getch) நான்கும் சேர்ந்து வந்தால் அது விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்து டர்போ சி என்ற கம்பைலருக்கு எழுதிய புத்தகம். இன்றைய ஜிசிசி (GCC) கம்பைலரில் அந்த நிரல் ஓடாது. லினக்ஸில் கோனியோ வரியிலேயே ஹெடர் கோப்பு (நிரலின் தொடக்கத்தில் சேர்க்கும் துணைக்கோப்பு) இல்லை என்று நின்றுவிடும். விண்டோஸில் ஜிசிசியின் விண்டோஸ் வடிவமான மின்ஜிடபிள்யூ (MinGW) போட்டிருந்தால் ஹெடரைத் தாண்டிப் போய், கிளியர் ஸ்கிரீனில் மாட்டும். புதிதாகப் படிப்பவர் தன் தட்டச்சில்தான் பிழை என்று நினைத்து மணிக்கணக்கில் தேடுவார்.

படி 3: ‘இன்ட்’ (int) என்னும் முழு எண் வகையின் அளவு. இன்ட் எப்போதும் 2 பைட், உச்சம் 32767 என்று எழுதியிருந்தால் வைத்துவிடுங்கள். டர்போ சி-யில் 32767-உடன் 1 கூட்டினால் -32768 வரும். இன்று உங்கள் கணினியில் இன்ட் பெரும்பாலும் 4 பைட், விடை 32768.

படி 4: ஒரு வரியை உள்ளீடாக வாங்கும் ‘கெட்ஸ்’ (gets). 20 எழுத்துக்கு இடம் ஒதுக்கிவிட்டு 30 எழுத்து உள்ளிட்டால், மிச்சம் பக்கத்து நினைவகத்தில் போய் உட்காரும். இதனால்தான் சி மொழியின் 2011 தரநிலையில் கெட்ஸை நீக்கினார்கள். நல்ல புத்தகம், எத்தனை எழுத்து வரை வாங்கலாம் என்று வரம்பு வைக்கும் ‘எஃப்கெட்ஸ்’ (fgets) சொல்லித்தரும்.

படி 5: பாயிண்டர் (நினைவக முகவரியை வைத்திருக்கும் மாறி) பாடம். அங்குள்ள நிரல், நினைவகம் கேட்டு வாங்கும் ‘மேலாக்’ (malloc) தரும் மதிப்பு நல் (NULL, அதாவது இடம் கிடைக்கவில்லை) ஆக இருக்கிறதா என்று சோதித்து, முடிவில் அந்த இடத்தை ‘ஃப்ரீ’ (free) செய்து திருப்பித் தருகிறதா? அந்த நிரலை அங்கேயே போனில் ஒரு ஆன்லைன் கம்பைலரில் அடித்துப் பாருங்கள். ஓடினால் வாங்கலாம். ‘ஐ பிளஸ் பிளஸ்’ (i++), ‘பிளஸ் பிளஸ் ஐ’ (++i) இரண்டையும் ஒரே கோவையில் கூட்டி விடை கேட்கும் பக்கங்கள் நிறைய இருந்தால் வேண்டாம். அதற்கு விடை என்ன என்று சி தரநிலையே வரையறுக்கவில்லை.

ஏழு நாளில் சி என்று சொல்லும் மெலிந்த புத்தகங்களை நான் பரிந்துரைப்பதே இல்லை. பாயிண்டருக்கு மட்டுமே அதைவிட அதிக நாள் வேண்டும்.

பின்சேர்க்கை: பழைய புத்தகம்தான் கையில் இருக்கிறது என்பவர்களுக்கு. கோனியோ, கிளியர் ஸ்கிரீன், கெட்ச் வரிகளை நீக்குங்கள். ‘வாய்ட் மெயின்’ என்பதை ‘இன்ட் மெயின்’ ஆக்குங்கள். ஜிசிசியில் எச்சரிக்கைகளைக் காட்டச் சொல்லும் ‘டபிள்யூ ஆல்’ (-Wall) விருப்பத்தைச் சேர்த்து, வரும் எச்சரிக்கை ஒவ்வொன்றையும் படியுங்கள். கெட்ஸை எஃப்கெட்ஸாக மாற்றியபின் பெயர் ஒப்பிடும் நிரல் தப்பான விடை தருகிறதா? எண்டர் தட்டியதால் வரும் வரிமுறிவு எழுத்தையும் எஃப்கெட்ஸ் சேர்த்தே வைத்துக்கொள்ளும். கடைசி எழுத்து அதுவானால் அந்த இடத்தில் 0 (எண் 0, ‘0’ என்ற எழுத்து அல்ல) வையுங்கள், ஒப்பீடு சரியாகிவிடும்.