மலைக்கு எடுத்துப் போகும் கத்தி: பிடியில் தொடங்கிப் பாருங்கள்

போடி, தேவாரம், கம்பம், கூடலூர் பக்கமிருந்து போடிமெட்டு, கம்பமெட்டு, குமுளி வழியாக ஏலத்தோட்டத்துக்கு ஏறுகிறவர்களிடம் அரிவாளோ வாக்கத்தியோ இருக்கும். கிளை கழிக்கவும் புதர் வெட்டவும் விறகு பிளக்கவும் அதுதான் சரி. அந்த வேலையை எந்தச் சின்னக் கத்தியும் செய்யாது, செய்ய வைக்கவும் கூடாது. இங்கே சொல்லப்போவது மடக்காத சின்னக் கத்தியைப் பற்றி. மழையில் வழி தவறி ராத்திரி தங்க நேர்ந்தால் தார்ப்பாய்க்கு முளை சீவ, கயிறு அறுக்க, அடிபட்டவரின் உடுப்பைக் கிழிக்க, டோலி கட்டும் மூங்கிலில் கயிறு வழுக்காதபடி வெட்டு போட என்று இருபது சிறு வேலைகளுக்கு உதவுவது இது.

வாங்குகிறவர்கள் பெரும்பாலும் அலகைத்தான் பார்க்கிறார்கள். என்ன இரும்பு, எவ்வளவு பளபளப்பு, எவ்வளவு நீளம் என்று கேட்கிறார்கள். ஆனால் ஜூன் மாதம் தொடங்கி மாதக்கணக்கில் ஈரம் வடியாத மலையில் முதலில் கைவிடுவது அலகு இல்லை. பிடி ஆட ஆரம்பிக்கும், இல்லாவிட்டால் உறைக்குள் தண்ணீர் தேங்கிக் கத்தி துருப்பிடிக்கும், அதுவும் இல்லாவிட்டால் உறை தளர்ந்து கத்தி எங்கோ விழுந்துவிடும். அதனால் தேர்வைப் பிடியில் தொடங்குங்கள்.

பிடிக்குள் இரும்பு எவ்வளவு தூரம் போகிறது?

அலகிலிருந்து பிடிக்குள் நீளும் இரும்புதான் கத்தியின் வால். பிடியின் அகலம் முழுக்க, கடைசி வரை வால் ஓடி, இரண்டு பக்கமும் பலகை வைத்துக் குறைந்தது மூன்று ஆணி அடித்திருந்தால் அதற்குமேல் கவலை இல்லை. பலகை உடைந்தாலும் வாலில் கயிறு சுற்றிக்கொண்டு வேலையை முடிக்கலாம். வால் ஒல்லியாகி மரப்பிடிக்குள் சொருகியிருந்தால், அது பிடி நீளத்தில் முக்கால் பங்காவது போக வேண்டும், பிடியின் வாயில் பூண் என்ற உலோக வளையம் இருக்க வேண்டும். நம் பக்கத்துக் கத்திகளில் வாலைப் பழுக்கக் காய்ச்சி மரத்தில் இறக்கி, அரக்கு வைத்துப் பிடிப்பிப்பது வழக்கம். அடுக்களைக்கு அது போதும். மழையும் வெயிலும் மாறி மாறிப் பட்டால் மரம் ஊதிச் சுருங்கும், அரக்கு விட்டுப்போகும், ஒரு பருவத்துக்குள் பிடி சுழல ஆரம்பிக்கும்.

பிடி உள்ளே குழாயாக இருந்து, மூடியைத் திருகினால் திசைகாட்டியும் தூண்டில் முள்ளும் கொட்டும் கத்தியை வாங்காதீர்கள். அதில் வால் என்பது ஒரு சின்ன நீட்டல்தான், மரையாணியில் நிற்கிறது. பக்கவாட்டில் ஒரு நெம்பு நெம்பினால் அந்த இடத்தில் முறியும். முதுகில் வெட்டியிருக்கும் ரம்பப் பல் அறுக்கவும் உதவாது. சின்னக் குச்சியை மரக்கட்டையால் தட்டிப் பிளக்கும்போது அந்தப் பல் கட்டையைத்தான் தின்னும்.

கடையில் செய்ய வேண்டிய சோதனை எளிது. அலகைத் துணியில் சுற்றிப் பிடித்துக்கொண்டு, பிடியின் அடிப்பக்கத்தை விரல் முட்டியால் தட்டுங்கள். கெட்டியான ஒரே சத்தம் வர வேண்டும். ‘கிடுகிடு’ என்றால் உள்ளே இடைவெளி இருக்கிறது. பிறகு பலகையும் இரும்பும் சேரும் கோட்டில் நகத்தை ஓட்டுங்கள். நகம் தட்டுகிற இடத்தில் தண்ணீர் இறங்கும். கடைசியாக, கண்ணுக்கு நேரே பிடித்து முனையிலிருந்து பிடி வரை பாருங்கள். வாயும் (வெட்டும் விளிம்பு) முதுகும் நேர்கோட்டில் இல்லாவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கோணலைத் தீட்டி எடுக்க முடியாது.

பிடியின் நீளம் உள்ளங்கை அகலத்தைவிட ஒரு விரல் கூடுதலாக, 11 முதல் 12 செ.மீ. இருக்கட்டும். ஈட்டி, தேக்கு இரண்டும் நல்ல மரம். வார்னிஷ் பூசிப் பளபளப்பாக்கியிருந்தால் உப்புத்தாளால் தேய்த்து எடுத்துவிடுங்கள், ஈரக் கையில் வழுக்கும். மைக்கார்டா (துணியைப் பிசினில் தோய்த்து அழுத்திச் செய்தது), கெட்டி ரப்பர் பிடிகள் மழைக்கு மரத்தைவிட நம்பகமானவை. அலகும் பிடியும் சேருமிடத்தில் விரலைத் தடுக்கும் ஒரு மேடு கட்டாயம் வேண்டும். அது இல்லாத கத்தியால் எதையாவது குத்தும்போது முனை சட்டென்று நின்றால் விரல்கள் முன்னே ஓடி வாயில் ஏறிவிடும். சொந்தக் கத்தியாலேயே படும் காயங்களில் இது மோசமானது, விரலின் நரம்பே அறுந்துபோகக்கூடியது.

அளவு

அலகு 10 முதல் 13 செ.மீ., அகலம் 2.5 முதல் 3 செ.மீ., முதுகுக் கனம் 3 முதல் 4 மி.மீ. இந்த எல்லைக்குள் வாங்குங்கள். கனமான கத்திதான் உறுதியானது என்று பலர் நினைக்கிறார்கள். கா-பார் நிறுவனத்தின் பெக்கர் பிகே-2 என்ற அமெரிக்கக் கத்தியின் முதுகு கால் அங்குலம், எடை ஏறக்குறைய 450 கிராம். உடையாதுதான், ஆனால் பழம் நறுக்கவும் முளை சீவவும் முரடு. அரிவாள் ஏற்கெனவே இருக்கும் ஊரில் அந்தக் கனத்தைச் சுமக்கக் காரணம் இல்லை. மறுமுனையில் சுவீடனின் மோரா கம்பேனியன். 2.5 மி.மீ. கனம், இலேசு, மலிவு, கூர்மை அபாரம். முழுவால் மட்டும் இல்லை. சீவலுக்கும் நறுக்கலுக்கும் அதுவே தாராளம். சின்னக் குச்சியைத் தட்டிப் பிளக்கிற வேலையும் வரும் என்றால் அதே நிறுவனத்தின் கார்பெர்க் இருக்கிறது. முழுவால், 3.2 மி.மீ. கனம், 109 மி.மீ. அலகு.

முதுகை விரலால் தடவிப் பாருங்கள். விளிம்பு உருண்டையாக இல்லாமல் சதுர மூலையாக இருந்தால் ஃபெரோ தண்டை (உரசினால் தீப்பொறி தரும் உலோகத் தண்டு) அதில் உரசிப் பொறி எடுக்கலாம், மரப்பட்டையைச் சுரண்டிப் பஞ்சு எடுக்கலாம். கறுப்புப் பூச்சு பூசிய கத்தி என்றால் முதுகில் இரண்டு அங்குல நீளத்துக்கு மட்டும் அதை அரத்தால் எடுத்துவிட வேண்டும்.

என்ன இரும்பு?

நம் மழைக்குத் துருவேறா எஃகு வசதி. சாண்ட்விக் 12சி27 போன்றதில் கார்பன் 0.6 சதவீதம், குரோமியம் 13 சதவீதத்துக்கு மேல். கூரும் நிற்கும், துருவும் எளிதில் ஏறாது. ‘ஸ்டெயின்லெஸ்’ என்று மட்டும் அச்சடித்து வகையைச் சொல்லாத கத்தி பெரும்பாலும் மெத்தென்ற இரும்பு. மூங்கில் இரண்டு சீவியதும் வாய் மடங்கும். மூங்கிலில் சிலிக்கா அதிகம், எந்தக் கூரையும் சீக்கிரம் தின்றுவிடும். 1095 போன்ற கார்பன் இரும்பில் தீட்டுவது சுலபம், சிக்கிமுக்கிக் கல்லில் தட்டினால் பொறியும் வரும். ஆனால் நனைந்த தோலுறைக்குள் ஒரே ராத்திரி கிடந்தால் காலையில் செம்புள்ளி தெரியும். காந்தம் ஒட்டுகிறதா என்று பார்த்து இரும்பை முடிவு செய்யாதீர்கள். கத்திக்கு ஆகும் துருவேறா எஃகிலும் காந்தம் ஒட்டும்.

ஆனால் இரும்பின் பெயரைவிட அதற்குப் போட்ட துவைச்சல், அதாவது காய்ச்சிக் குளிர்வித்துக் கெட்டிப்படுத்துவது, முக்கியம். கடினம் எச்.ஆர்.சி. அளவில் 56 முதல் 59 இருந்தால் மலைவேலைக்குச் சரி. அளக்கும் கருவி இல்லாமலே கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. 6 மி.மீ. பித்தளைக் கம்பியை, கதவுத் தாழ்ப்பாள் கம்பியானாலும் சரி, அசையாமல் வைத்து, தீட்டுகிற சாய்வில் கத்தி வாயை அதன்மேல் அழுத்தி இழுங்கள். அழுத்தத்தில் வாய் மெல்ல வளைவது வெளிச்சத்தில் தெரியும். கம்பியை விட்டதும் நேரானால் துவைச்சல் சரி. வளைந்தபடியே நின்றால் மெத்து, சில்லு தெறித்தால் அதிகக் கடினம். வாங்கிய அன்றே இதைச் செய்துவிடுங்கள், திருப்பிக் கொடுக்கும் நாள் தாண்டுவதற்குள்.

பட்டறையில் அடிக்கச் சொல்வதானால்

நல்ல கொல்லர் கையில் அடித்த கத்தி, விலைகொடுத்து வரவழைக்கும் பெயர்பெற்ற கத்திக்குச் சற்றும் குறையாது. எங்கள் விருப்பமும் இதுதான். ஏனென்றால் உடைந்தாலும் தேய்ந்தாலும் சரி செய்ய ஆள் பக்கத்திலேயே இருக்கிறார். ஆனால் ‘நல்லா ஒரு கத்தி போட்டுக் குடுங்கண்ணே’ என்று மட்டும் சொன்னால் அவர் வழக்கமாக அடிக்கும் கத்திதான் வரும். அட்டையில் முழு அளவில் வரைந்து வெட்டிக் கொண்டுபோய்க் கொடுங்கள். மொத்த நீளம் 24 செ.மீ., அலகு 12, அகலம் 3, முதுகு 4 மி.மீ., வால் பிடியின் அகலத்துக்கு.

இரும்பு வண்டிப் பட்டையாக, அதாவது வண்டியின் அடியில் அதிர்ச்சி தாங்கும் வில்பட்டையாக இருக்கட்டும். கார்பன் 0.6 சதவீதத்தை ஒட்டியது, அடி தாங்கும். லாரிப் பட்டையைவிட ஜீப் பட்டை மெல்லியது, அடித்து மெலிக்கும் வேலை குறையும். ஒடிந்த பட்டை வேண்டாம். ஒடிந்த இடத்துக்கு அருகே கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் இருக்கும், துவைக்கும்போது அவை வாய் பிளக்கும். நடு ஆணித் துளையைச் சுற்றிய பகுதியையும் ஒதுக்கச் சொல்லுங்கள்.

துவைச்சல்தான் பேசித் தீர்க்க வேண்டிய இடம். காந்தம் ஒட்டாத சூட்டுக்குச் சற்று மேலே காய்ச்சி, தண்ணீரில் அல்ல, லேசாகச் சூடாக்கிய எண்ணெயில் இறக்க வேண்டும். பட்டை இரும்பை மெல்லிய கத்தியாக்கித் தண்ணீரில் முக்கினால் விரிசல் விழும் ஆபத்து அதிகம். எண்ணெயிலிருந்து எடுத்த கத்தி கண்ணாடி மாதிரி நொறுங்கும் நிலையில் இருக்கும். அதை அப்படியே தீட்டித் தந்துவிடக் கூடாது. மேல்தோலைத் தேய்த்து வெள்ளையாக்கி, முதுகுப் பக்கமிருந்து மெல்லச் சூடு காட்டினால் நிறம் வாயை நோக்கி ஓடிவரும். வாயில் வைக்கோல் மஞ்சள் வந்ததும் நிறுத்த வேண்டும், அது 200 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூடு. முதுகு நீலமானால் நல்லதே, அங்கே இழுபடும் தன்மை வேண்டும். வாய் நீலமாகிவிட்டால் 300 டிகிரியைத் தொட்டுவிட்டது, கூர் நிற்காது, மறுபடி முதலிலிருந்து துவைக்க வேண்டும். வீட்டில் மின் அடுப்புப் பெட்டி இருந்தால் 200 டிகிரியில் ஒவ்வொரு மணி நேரமாக இரண்டு தடவை வைப்பது இதைவிடச் சீராக வரும். பலகைக்கு அரக்கு வேண்டாம். அரால்டைட் பசையும் மூன்று பித்தளை ஆணியும் போடச் சொல்லுங்கள்.

உறை

உறைக்குள் கத்தியைச் செருகி, தலைகீழாகப் பிடித்து உதறுங்கள். விழக் கூடாது. அடியில் தண்ணீர் வடியத் துளை இருக்க வேண்டும். இல்லையென்றால் 5 மி.மீ. துளை போட்டுக்கொள்ளுங்கள். கைடெக்ஸ் போன்ற கெட்டி பிளாஸ்டிக் உறைதான் மழைக்காலத்துக்கு. தோலுறை மாசி, பங்குனிக்கு அழகு. தோலுறையே பிடிக்கும் என்றால் வீடு வந்ததும் கத்தியை வெளியே எடுத்துத் துடைத்துத் தனியாக வையுங்கள், உறையை நிழலில் உலர்த்துங்கள். பூசத் தேங்காய் எண்ணெய் ஆகும், ஆனால் நாளாக நாளாகப் பிசுபிசுக்கும், மூணாறு குளிரில் உறையும். மருந்துக்கடை லிக்விட் பாரஃபின் மேல். சாப்பாட்டில் பட்டாலும் பயமில்லை. கார்பன் கத்தியை வெந்நீரில் கழுவி, எண்ணெய்ப் பசை போக்கி, கடுந்தேநீர் டிக்காஷனில் சில மணி நேரம் முக்கி எடுத்தால் கருமை ஏறும். துரு நிற்காது, ஏறுவது மெதுவாகும்.

சட்டம்

இதைத் தெரிந்துகொள்ளாமல் மலையேறாதீர்கள். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, சரணாலயத்துக்குள்ளோ தேசியப் பூங்காவுக்குள்ளோ ஆயுதத்தோடு நுழையத் தலைமை வன உயிரினக் காப்பாளரின் அல்லது அதிகாரம் பெற்ற அலுவலரின் எழுத்துமூல முன் அனுமதி வேண்டும். ஆயுதம் என்பதில் கத்தியையும் அந்தச் சட்டம் சேர்த்தே சொல்கிறது. பெரியாறு, சின்னாறு, மேகமலை எங்கும் இதுதான். காட்டுக்குள் தீ மூட்டுவதும் குற்றம். 2018 மார்ச்சில் குரங்கணி மலைத் தீயில் மலையேறப் போனவர்கள் பலர் மாண்டதை இந்தப் பள்ளத்தாக்கு மறக்காது. ஃபெரோ தண்டுப் பழக்கமெல்லாம் வீட்டு முற்றத்தில், மண் தரையில். இது தவிர, ஆயுதச் சட்ட விதிகளில் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு, வீட்டு வேலை, விவசாயம், தொழில் ஆகியவற்றுக்கு ஆனதாக இல்லாவிட்டால், தனி வகையில் வருகிறது. மேலே சொன்ன 12 செ.மீ. கத்தி அந்த அளவுக்கு வெகு கீழே. ஆனாலும் சோதனைச்சாவடி தாண்டும் ஜீப்பில் இடுப்பில் தொங்கவிடாமல் பைக்குள் அடியில் வையுங்கள்.

கூர்

இருபக்கக் கார்பொரண்டம் கல் ஒன்று போதும். பக்கத்துக்கு 20 டிகிரி சாய்வு வேண்டும். அதை அளக்க, அலகு அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்கு முதுகைத் தூக்குங்கள். 30 மி.மீ. அகலக் கத்திக்கு 10 மி.மீ. சொரசொரப்புப் பக்கத்தில் ஒரே பக்கமாகத் தீட்டிக்கொண்டே போனால் மறுபக்கம் வாய் நெடுகப் பிசிர் விரலுக்குத் தட்டும். அது முழு நீளமும் வரும்வரை பக்கத்தை மாற்றாதீர்கள். பலருக்குக் கூர் வராததற்குக் காரணம் இந்த இடத்தில் அவசரப்படுவதுதான். பிறகு மறுபக்கம், பிறகு மென்மையான பக்கத்தில் மாற்றி மாற்றி அழுத்தமில்லாமல் பத்துப் பத்து, கடைசியாகப் பழைய தோல் பெல்ட்டின் உள்புறத்தில் பின்னோக்கி இழுப்பு. சாணை பிடிப்பவரிடம் கொடுத்தால் பக்கத்தில் நின்று ஒவ்வொரு இழுப்புக்கும் தண்ணீரில் முக்கச் சொல்லுங்கள். உலர்ந்த சக்கரத்தில் வாய் நீலம் பாய்ந்துவிட்டால், அந்த நீலம் தேய்ந்து போகும்வரை கத்தி மழுங்கிக்கொண்டேதான் இருக்கும்.