மதுரை வீட்டுக்கு ஒரு மதர்போர்டு: ஊருக்குப் போகிறவர்கள் கவனத்துக்கு

விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. அதனால் இந்த வருஷம் ஊருக்குப் போகிற நம்மில் பாதிப் பேருக்கு ஒரே வேலைதான் காத்திருக்கிறது. விமானம் ஏறுவதற்கு முன் அப்பா அம்மாவுக்கு வாங்கி வைத்துவிட்டு வந்தோமே ஒரு கம்ப்யூட்டர், அதில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்பு வசதி கேட்கும், இன்டெல் என்றால் குறைந்தது எட்டாம் தலைமுறை ப்ராசஸர் கேட்கும். அப்பாவிடம் போனில் கேட்டால், "என்னமோ எழுதி வருதுப்பா, நான் மூடிட்டு மூடிட்டு பாத்துக்கிறேன்" என்பார். ஆக மதர்போர்டு (மற்ற பாகங்கள் எல்லாம் வந்து மாட்டுகிற பலகை), ப்ராசஸர், ராம் மூன்றையும் மாற்ற வேண்டும். பெட்டி, மானிட்டர், பழைய ஹார்டு டிஸ்க் அப்படியே இருக்கலாம்.

ஆனால் கடைக்குக் கிளம்புவதற்கு முன்னால் பெட்டியைத் திறந்து பாருங்கள். எங்கள் திருநகர் வீட்டில் மானிட்டரின் ஓரத்தில் காலண்டர் தாள் ஒன்று ஒட்டியிருந்தது. அப்பா கையெழுத்தில் "கரண்ட் வந்ததும் எஃப்1 அமுக்கவும், பிறகு தேதி மாற்றவும்". ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், குறிப்பு எழுதாமல் இருக்க மாட்டார். அது போர்டு கெட்டுப்போனதன் அறிகுறியே இல்லை. போர்டில் காசு அளவுக்கு ஒரு சிஆர்2032 பேட்டரி இருக்கும், அது தீர்ந்துவிட்டால் ஒவ்வொரு முறை மின்சாரம் போய் வரும்போதும் தேதி பழைய வருஷத்துக்கு ஓடிவிடும். தேதி தப்பாக இருந்தால் வங்கித் தளம் "பாதுகாப்பற்ற இணைப்பு" என்று சொல்லித் திறக்க மறுக்கும், ஏனென்றால் அந்தத் தளத்தின் சான்றிதழ் இன்ன தேதியிலிருந்து இன்ன தேதிவரை செல்லும் என்று உலாவி பார்க்கிறது. வாட்ச் கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கிற பேட்டரி. இதற்கே புது போர்டு விற்றுவிடுகிற கடைகள் உண்டு.

அதே சமயம் போர்டில் சின்ன உருளைகளாக நிற்கும் கெப்பாசிட்டர்களின் தலை உப்பியிருந்தால், பழுப்பாகக் கசிந்திருந்தால், அல்லது போர்டுக்கு மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்-க்குள் ஒரு பல்லி கருகிக் கிடந்தால், பேட்டரி மாற்றிப் பிரயோஜனமில்லை. எங்கள் வீட்டில் இரண்டுமே இருந்தன.

சரி, கடை. முதலில் காட்டப்போவது இரண்டாயிரத்துச் சொச்சத்துக்கு ஒரு போர்டு. புதுப் பெட்டி, புது பிளாஸ்டிக் கவர், "ஃபிரெஷ் பீஸ் சார்". பெட்டியைத் திருப்பிப் பாருங்கள், எச்61 என்று போட்டிருக்கும். அது சிப்செட்டின் பெயர், எந்தத் தலைமுறை ப்ராசஸர் அந்தப் போர்டில் ஓடும் என்பது அதைப் பொறுத்தது. அந்த சிப்செட் வந்தது 2011-ல். பெயர் அதிகம் கேள்விப்படாத கம்பெனிகள் இன்னும் இதில் போர்டு செய்து விற்கின்றன, பழைய கம்ப்யூட்டரை இன்னும் கொஞ்ச நாள் ஓட்டுகிறவர்களுக்கு அது உதவும், அதில் தப்பில்லை. ஆனால் உங்கள் காரியம் விண்டோஸ் 11 என்றால் அந்த இரண்டாயிரம் வைகையில் போட்ட மாதிரிதான். 2013-ல் வந்த எச்81-க்கும் இதே பதில்.

வாங்க வேண்டியது இரண்டில் ஒன்று. இன்டெல் பக்கம் எச்610, 2022 தொடக்கத்தில் வந்தது, ப்ராசஸர் உட்காரும் இடம் எல்ஜிஏ1700 சாக்கெட், 12, 13, 14-ஆம் தலைமுறை ப்ராசஸர்கள் உட்காரும். ஏஎம்டி பக்கம் ஏ520, 2020-ல் வந்தது, ஏஎம்4 சாக்கெட். பிரபல கம்பெனிகளின் போர்டே சுமார் 5,000 முதல் 7,500 ரூபாய்க்குள் கிடைக்கும். அதற்கு மேல் செலவழித்து அப்பா அம்மாவுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. வீடியோ கால், மின் கட்டணம், வங்கி, யூடியூபில் கச்சேரி, இவ்வளவுதான் வேலை. மினுக்கும் விளக்கு வைத்த போர்டை எடுத்துக் காட்டுவார்கள், அம்மா அதைத் துணி போட்டு மூடிவிடுவார்.

எச்610-ல் ஒரு சூட்சுமம். டிடிஆர்4 ராம் போடுகிற போர்டும் இருக்கிறது, டிடிஆர்5 போடுகிறதும் இருக்கிறது, ஒன்றுக்கு வாங்கிய ராம் மற்றதில் ஏறாது. ராம் விலை 2025 கடைசியில் தாறுமாறாக ஏறிவிட்டதால், இரண்டு வகையின் விலையையும் கேட்டுவிட்டுப் பிறகு போர்டை முடிவு செய்யுங்கள். பழைய கம்ப்யூட்டரில் இருக்கும் டிடிஆர்3 எதற்கும் ஆகாது. அப்புறம் ப்ராசஸர் பெயரின் வால். இன்டெலில் 12100 என்றால் படம் வரும், 12100எஃப் என்றால் தனியாக கிராபிக்ஸ் கார்டு போட்டால்தான் படம் வரும். ரைசனில் 5600ஜி சரி, 5500-ல் கிராபிக்ஸ் கிடையாது. சில நூறு ரூபாய் குறைவு என்று எஃப்-ஐத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். போர்டின் பின்பக்கம் நீலநிற விஜிஏ துளை இருக்கிறதா என்றும் பாருங்கள், வீட்டிலுள்ள மானிட்டர் பழசென்றால் அது ஒன்றுதான் பொருந்தும். ஹார்டு டிஸ்க்கைவிட வேகமான என்விஎம்இ எஸ்எஸ்டி போட ஒரு எம்.2 இடம் இருக்க வேண்டும். இந்த விலையில் வைஃபை இருக்காது, ரவுட்டரிலிருந்து ஒரு லேன் ஒயர் இழுத்துவிட்டால் போதும். முக்கியமாக, கடையிலேயே எல்லாவற்றையும் மாட்டி பயாஸ் திரை (விண்டோஸுக்கு முன்னால் வரும் போர்டின் சொந்த அமைப்புத் திரை) வருகிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். கிடப்பில் கிடந்த போர்டாக இருந்தால் புதிய ப்ராசஸரை அடையாளம் தெரியாமல் கறுப்புத் திரையைக் காட்டும், பயாஸ் அப்டேட் செய்யும் வேலையைத் திருநகரில் நட்டநடு ராத்திரியில் உட்கார்ந்து நீங்கள் செய்ய முடியாது.

இதுவரை எழுதியது எந்த ஊருக்கும் பொருந்தும். இனிமேல்தான் மதுரை.

எனக்கு ஒரு மாமா உண்டு, அம்மாவின் தம்பி. நான் சிம்மக்கல் பக்கம் இரண்டு மூன்று கடை விசாரித்து வைத்திருந்தேன். மாமா அன்றைக்கு வெள்ளனாவே வண்டியில் வந்துவிட்டார். "ஏன் மாப்ள, நம்ம பய கடை இருக்கையில வெளிய எதுக்கு வாங்குற? நாளைக்கு ரிப்பேர்னா யார் வருவா, நீயா வருவ?" இதற்கு வெளிநாட்டில் இருக்கும் எவனாலும் பதில் சொல்ல முடியாது. அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை, மின்சாதனம் வாங்கக் கூடாது என்று மறுநாள் போனோம். கடைக்காரர் மாமாவின் நண்பர், நல்லவர்தான், டீ வாங்கிக் கொடுத்தார், விலையும் குறைத்தார். பில் கேட்டேன். ஒரு சின்ன அட்டையிலிருந்து தாளைக் கிழித்து "எஸ்டிமேட்" என்று அச்சடித்த தலைப்புக்குக் கீழே மொத்தத் தொகையை மட்டும் எழுதினார். ஜிஎஸ்டி பில் வேண்டும் என்றேன். "பில்லுன்னா 18 பெர்சன்ட் தனியா வரும் சார்." மாமா என்னைப் பார்த்த பார்வையில், அவருடைய நண்பரை நான் திருடன் என்று சொல்லிவிட்டது போல் இருந்தது. அம்மாவும் சாயங்காலம், "அவன் மனசு நோகும்படி பேசிட்டியாமே" என்றார்.

நாலைந்து நாள் ஓடியது. ஒரு மத்தியானம் மின்சாரம் போய் வந்ததும் போர்டு படுத்துவிட்டது. ஃபேன் சுற்றுகிறது, திரையில் ஒன்றுமில்லை.

இந்தியாவில் பெரிய கம்பெனி போர்டுகளுக்கு வழக்கமாக மூன்று வருஷ வாரண்டி. சர்வீஸ் சென்டர் பைபாஸ் ரோட்டில் ஒரு மாடியில் இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனால் டோக்கன், மூன்று பிளாஸ்டிக் நாற்காலி. கவுன்டரில் இருந்த பையன் எஸ்டிமேட் தாளைத் தொடவே இல்லை. "பில்லு சார். ஜிஎஸ்டி நம்பரோட." திரும்பிப் போய், 18 சதவீதத்தைக் கட்டி, பில் வாங்கி வந்தோம். "இதுல சீரியல் நம்பர் இல்லையே சார்." மறுபடி போனோம். கடைக்காரர் சாப்பிடப் போயிருந்தார், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் எப்போது வருவார் என்பது அவருக்கே தெரியாத விஷயம். சீரியல் நம்பரோடு திரும்பியபோது அந்தப் பையன் போர்டைப் பச்சை விரிப்பில் வைத்து, விளக்கு பொருத்திய லென்ஸால் சாக்கெட்டைப் பார்க்க ஆரம்பித்தான். அதில் 1,700 ஊசிகள், ஒவ்வொன்றும் மயிரிழை. ஒன்று வளைந்திருந்தாலும் "ஃபிசிகல் டேமேஜ்" என்று எழுதித் திருப்பித் தந்துவிடுவார்கள், அப்புறம் எந்த வாரண்டியும் பேசாது. நல்லவேளை வளையவில்லை. நிமிர்ந்து, "சாக்கெட் மூடி எங்க சார்?" என்றான்.

போர்டு வாங்கும்போது சாக்கெட்டின் மேல் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் மூடி இருக்கும். ப்ராசஸர் மாட்டும்போது கழன்று விழும், எல்லோரும் தூக்கிப் போட்டுவிடுவார்கள். அது இல்லாமல் போர்டை வாங்கமாட்டேன் என்றான், வழியில் ஊசி வளைந்தால் அவன் பொறுப்பாம். அவன் சொன்னதில் நியாயம் இருந்ததுதான் எனக்கு அதிக எரிச்சல். அம்மாவுக்குப் போன் போட்டோம். எதையும் வெளியே போடுகிற வழக்கம் அவருக்குக் கிடையாது. தையல் மெஷின் டிராயரில் பொத்தான்களோடு இருந்தது.

எல்லாம் முடிந்து ஃபாரம் நிரப்பும்போது என் போன் நம்பரைச் சொன்னேன். பத்து இலக்கம்தான் ஏறும், ஓடிபி வெளிநாட்டு நம்பருக்குப் போகாது. "என் நம்பரைப் போடுங்க தம்பி" என்று மாமா மனப்பாடமாகச் சொன்னார். அந்த நம்பர்தான் அப்பாவின் கண் ஆபரேஷன் ஃபைலில் இருக்கிறது, கேஸ் புத்தகத்திலும் இருக்கிறது. போர்டைச் சென்னைக்கு அனுப்புவார்களாம், வருவதற்கு இரண்டு மூன்று வாரம் ஆகலாம். நான் அதற்குள் கிளம்பிவிட்டேன். ஓடிபி மாமாவுக்கு வந்தது, மாற்றிக் கொடுத்த போர்டை அவர்தான் வாங்கிவந்து அதே நண்பரைக் கூட்டிவந்து மாட்டினார். அந்த நண்பர் காசு வாங்கவில்லையாம்.

ஆகவே சொல்வது இதுதான். உறவுக்காரர் சொல்லும் கடையில் வாங்குவதைத் தவிர்க்க முடியாது, தவிர்க்கவும் வேண்டாம், நாம் போன பிறகு கூப்பிட்டால் வருகிறவர் அந்தக் கடைக்காரர்தான். ஆனால் 18 சதவீதத்தைச் சேர்த்தே பட்ஜெட் போடுங்கள். பில் அப்பா பெயரில், போர்டின் சீரியல் நம்பர் அச்சாகி இருக்கட்டும், போன் நம்பர் யார் போய் வாங்குவாரோ அவருடையது. பில்லைப் படம் எடுத்து அவருக்கும் அனுப்பிவிடுங்கள். பெட்டியும் மூடியும் பரண் மேல். இதெல்லாம் வந்த முதல் வாரமே நடக்கட்டும், கெட்டுப்போகிறதென்றால் நீங்கள் இருக்கும்போதே கெட்டுப்போகும். சித்திரைத் திருவிழா சமயத்தில் போகிறவர்கள் மாசி வீதிப் பக்கம் கடைக்குப் போகிற எண்ணத்தையே விட்டுவிடுங்கள்.

இங்கிருந்தே வாங்கிக்கொண்டு போகலாமே என்று தோன்றும். பெரும்பாலும் மதர்போர்டு வாரண்டி வாங்கிய நாட்டோடு சரி. சுங்கத்திலும், பதினெட்டு வயது தாண்டியவருக்கு ஒரு லேப்டாப் வரியில்லாமல் விடுவார்கள், கழற்றிய உதிரி பாகங்களுக்கு அந்தச் சலுகை கிடையாது, மற்ற சாமான்களோடு சேர்த்துத்தான் கணக்கு. அமெரிக்கா, கனடாவில் இருப்பவர்கள் அங்கிருந்து யுபிஎஸ் தூக்கிப் போகாதீர்கள், அது 120 வோல்ட், ஊரில் 230.

யுபிஎஸ்-ஐ மதுரையிலேயே வாங்குங்கள், 600 விஏ போதும். கம்ப்யூட்டரை அணைக்க நேரம் கிடைத்தால் சரி, ஓட்ட வேண்டியதில்லை. எஸ்எம்பிஎஸ்-ஐயும் சேர்த்து மாற்றிவிடுங்கள், பழசு புதுப் போர்டைத் தின்றுவிடும். பெட்டியைத் தொட்டால் சுர்ரென்று இழுக்கிறதா? எர்த் சரியில்லை. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு டெஸ்ட் லாம்பை ஃபேசுக்கும் எர்த்துக்கும் நடுவில் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள், பளிச்சென்று எரிய வேண்டும். எங்கள் வீட்டில் எரியவில்லை, வெளியே எர்த் குழி காய்ந்து கிடந்தது. பயாஸில் மின்சாரம் திரும்பி வந்தால் தானாக ஆன் ஆகும் அமைப்பு இருக்கும், அதை அணைத்து வையுங்கள். மின்சாரம் விட்டு விட்டு வரும்போது ஒவ்வொரு முறையும் எழுந்து விழுந்தால் எந்தப் போர்டும் தாங்காது. இப்போது அப்பா எர்த் குழிக்கு வாரம் ஒருமுறை ஒரு வாளி தண்ணீர் ஊற்றுகிறார், அதையும் காலண்டர் தாளில் எழுதி ஒட்டியிருக்கிறாராம்.