வன்னியில் காடு மீட்கும் தொண்டு வேலை: முதன்முதல் வருபவர்களுக்கு

கார்த்திகை மழைக்குக் கன்று நட ஆள் நிறைய வரும். சித்திரையில் தண்ணீர் ஊற்றத்தான் ஆள் இராது. இரண்டுக்கும் வரக்கூடியவர்கள் மேலே படிக்கலாம்.

1. அனுமதி

சுண்டிக்குளம் 1938 இல் பறவைகள் சரணாலயமாகி, 2015 இல் தேசிய பூங்காவானது. அப்படியான இடத்தில் கொப்பு முறிப்பதற்கும் கன்று நடுவதற்கும் வனஜீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். மற்றக் காடுகளுக்கு வனவளத் திணைக்களத்தில் கேளுங்கள்.

அங்கேயே இன்னொன்றையும் கேளுங்கள்: மிதிவெடி அகற்றி முடிந்த நிலமா? மண்டையோட்டுப் பலகை நிற்கும் பக்கம் போகவே வேண்டாம். கிண்டும்போது சந்தேகமான இரும்பு தட்டுப்பட்டால் கை வைக்காமல், வந்த தடத்திலேயே திரும்பி 119 க்கு அறிவியுங்கள்.

2. களை

கன்று நடுவதைவிட இதுதான் பெரிய வேலை. படம் எடுக்க அழகாக இராது, அதனால் ஆளும் குறைவு.

பார்த்தீனியத்தைப் பூக்கமுன், மழை பெய்து மண் இளகியிருக்கும்போது வேரோடு பிடுங்குங்கள். நன்கு வளர்ந்த ஒரு செடி 15,000 விதை வரை போடும். கையுறையும் முழுக்கைச் சட்டையும் கட்டாயம். ஆஸ்துமா, தோல் அலர்ஜி உள்ளவர்கள் இதைத் தொடாமல் கிடங்கு வெட்டப் போகலாம். வீடு திரும்பமுன் சப்பாத்தில் ஒட்டிய சேற்றை அங்கேயே கழுவிவிடுங்கள்; விதை அதோடுதான் ஊர் மாறுகிறது.

மன்னார்ப் பக்கம் சீமைக் கருவேலோடு மல்லுக்கட்ட வேண்டிவரும். வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து திரும்பத் துளிர்க்கும். சின்னதை அலவாங்கால் வேரோடு கிளப்புங்கள். பெரிய மரங்கள் இயந்திரத்துக்கு.

3. நடுகை

காட்டுக்குப் பாலை, வீரை, ஆற்றோரத்துக்கு மருது. தேக்கங்கன்று இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம், அது தோட்டப் பயிர். ஒன்றரை அடிக் கிடங்கு போதும். பிளாஸ்டிக் பையை உருவி எடுத்துவிட்டு நடுங்கள். அவசரத்தில் பையோடு புதைப்பவர்கள் உண்டு.

பனைக்கு நாற்று வேண்டாம். ஆவணி, புரட்டாதியில் விழும் பழத்தின் கொட்டையை நேரே புதைக்கலாம். பாத்திபோல நெருக்கிப் புதைத்தால் தையில் யாராவது கிழங்கு கிண்டிவிடுவார்கள், தள்ளித் தள்ளிப் போடுங்கள்.

4. பராமரிப்பு

கட்டாக்காலி மாடுதான் முதல் எதிரி, கன்றைச் சுற்றி முள் அடையுங்கள். அடியில் காய்ந்த குழை பரப்பினால் ஈரம் நிற்கும். மாசியிலிருந்து தண்ணீர் முறை போடுங்கள். சோழகக் காற்று வீசும் மாதங்களில் ஒரு முறையும் தவறக்கூடாது. பட்டுப்போன கன்று நின்ற இடத்தில் தடி நட்டு வையுங்கள், அடுத்த கார்த்திகைக்கு அங்கே புதுக்கன்று.