நல்ல டார்ச் லைட்டுக்கு எவ்வளவு செலவழிக்கலாம்: வரப்பில் நடக்கிறவன் போட்ட கணக்கு

போன மாதம் என் தம்பி மகன் போனைக் கொண்டுவந்து நீட்டினான். "பெரியப்பா, 6,000 ரூபாய்ல ஒரு லைட்டு பாத்து வச்சிருக்கேன். ஒரு கிலோமீட்டர் அடிக்குமாம். வாங்கிடவா?" என்றான். இந்த வருஷம்தான் அவன் வயலைத் தனியாகப் பார்க்க ஆரம்பித்திருக்கிறான். விலையைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. "வாசல்லேருந்து உன் மோட்டார் கொட்டகை வரைக்கும் நடந்து, எத்தனை தப்படின்னு எண்ணிட்டு வா. அப்புறம் பேசுவோம்" என்றேன்.

எங்களுக்கு மன்னார்குடிப் பக்கம். ஆற்றில் தண்ணீர் வராத நாளில் பில்டர் பாயிண்ட் என்கிற குழாய்க் கிணற்று மோட்டார்தான் பயிரைக் காப்பாற்றும். மும்முனை கரண்ட் ராத்திரி முறையில் வந்தால் ராத்திரியில்தான் போய் ஸ்டார்ட்டரைப் போட வேண்டும், மடை மாற்ற வேண்டும், திரும்பி வர வேண்டும். ஒரு நடைக்குக் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் லைட் எரியும். வருஷத்தில் 120 இரவாவது இப்படிப் போகிறேன். லைட்டுக்கு எவ்வளவு போடலாம் என்பதை நான் இந்த நடையிலிருந்துதான் கணக்குப் பார்க்கிறேன். கடைக்காரர் சொல்கிற விலையிலிருந்து ஆரம்பித்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

முதலில் தூரம். பையன் எண்ணிவிட்டு வந்தான்: 540 தப்படி. அதில் 200 தப்படி தெருவிளக்கு உள்ள ரோடு. மிச்சம் வரப்பு. வழியில் எந்த இடத்தில் நின்று பார்த்தாலும் அதிகபட்சம் பார்க்க வேண்டியது மதகிலிருந்து கொட்டகை வரை, சுமார் 100 மீட்டர். அப்படியென்றால் ஒரு கிலோமீட்டர் அடிக்கிற லைட்டில் 900 மீட்டருக்கு அவன் கொடுக்கும் காசு வீண்.

நல்ல கம்பெனி லைட் என்றால் பெட்டியில் எஃப்எல் 1 என்ற அமெரிக்கத் தரத்தின்படி தூரம் போட்டிருப்பார்கள். அந்தத் தூரம் எப்படி வருகிறது என்று தெரிந்துகொள்வது அவசியம். லக்ஸ் என்பது ஒரு இடத்தில் விழுகிற வெளிச்சத்தின் அளவு. வெளிச்சம் குறைந்துகொண்டே போய், 0.25 லக்ஸுக்கு வந்து நிற்கிற இடம்தான் அந்தத் தூரம். அது பௌர்ணமி நிலவு வெளிச்சம் அளவுதான். நிலா வெளிச்சத்தில் ஆள் நிற்பது தெரியும், யார் என்று தெரியாது. அதனால் பெட்டியில் உள்ள தூரத்தைப் பாதியாக்கிக்கொள்ளுங்கள். பாதித் தூரத்தில் வெளிச்சம் நாலு மடங்கு இருக்கும். அங்கே உருப்படியாகக் கண் தெரியும். 100 மீட்டர் பார்க்க வேண்டியவருக்கு 200 மீட்டர் என்று போட்ட லைட் போதும். தூரம் போடாமல் கேண்டலா, அதாவது ஒளியின் கூர்மை அளவு, மட்டும் போட்டிருந்தால், அதற்கு வர்க்கமூலம் எடுத்து இரண்டால் பெருக்குங்கள். 10,000 கேண்டலா என்றால் வர்க்கமூலம் 100, இரண்டால் பெருக்கினால் 200 மீட்டர். ஒரு கிலோமீட்டருக்கு 2,50,000 கேண்டலா வேண்டும். தூரம் இரட்டிப்பாக ஒளியின் கூர்மை நாலு மடங்காக வேண்டும் என்பதால்தான் விலையும் அப்படி ஏறுகிறது.

உண்மையில் வரப்பில் நடக்க வேண்டியது காலடியில் நாலைந்து தப்படி வெளிச்சம்தான். அதற்கு 100, 150 லூமன் தாராளம். லூமன் என்பது லைட்டிலிருந்து வெளியே வருகிற மொத்த வெளிச்சத்தின் அளவு. இதைவிட அதிகமாக அடித்தால் ஈரப் புல்லிலும் தண்ணீரிலும் பட்டுத் திரும்பி நம் கண்ணே கூசும்.

லூமனில்தான் நிறைய ஏமாற்று. ஆன்லைனில் 800 ரூபாய்க்கு 1,00,000 லூமன் என்று போடுகிறார்கள். எல்இடி லைட்டில் ஒரு வாட்டுக்குத் தோராயமாக 100 லூமன் வரும் என்று வையுங்கள். 1,00,000 லூமனுக்கு 1,000 வாட் வேண்டும். துணி தேய்க்கிற இஸ்திரிப் பெட்டியே அவ்வளவுதான் இழுக்கும். கைக்குள் அடங்குகிற லைட்டில் அது நடக்கவே நடக்காது.

இதே கணக்கை வைத்து லைட் எத்தனை மணி நேரம் எரியும் என்றும் பார்த்துவிடலாம். இப்போது வருகிற உலோக லைட்டுகளில் பெரும்பாலும் 18650 என்ற லித்தியம் செல் போடுகிறார்கள். 18 மில்லிமீட்டர் தடிமன், 65 மில்லிமீட்டர் நீளம், அதுதான் அந்த எண். 3,000 மில்லி ஆம்பியர் மணி (எம்ஏஎச்) செல்லில் ஏறக்குறைய 11 வாட் மணி மின்சாரம் இருக்கும். 200 லூமனில் வைத்தால் 2 வாட், ஆக ஐந்து மணி நேரம். 1,000 லூமனில் வைத்தால் 10 வாட், ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் வரும். அதோடு 10 வாட் சூட்டைச் சின்ன உடம்பால் தாங்க முடியாது, ஓரிரு நிமிஷத்தில் லைட் தானே வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும். பெட்டியில் உள்ள நேரமும் வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரைக்குமான நேரம். ஆகவே உச்ச லூமனுக்காகக் காசு கூட்டிக் கொடுக்காதீர்கள். 200, 300 லூமனில் எத்தனை மணி நேரம் நிற்கும் என்று கேளுங்கள்.

சரி, ரூபாய்க்கு வருவோம். நான் மூன்று வகையும் வைத்துப் பார்த்துவிட்டேன்.

அப்பா காலத்தில் மூன்று கட்டை, அதாவது பெரிய பேட்டரி, போடுகிற லைட். குண்டு பல்பு. ஒரு மணி நேரக் கணக்கில் எட்டு நாளைக்கு ஒரு தரம் கட்டை மாற்றுவோம். இன்றைய கணக்குக்கு ஒரு கட்டை 25 ரூபாய் என்று வைத்தால், 120 இரவுக்கு 15 தடவை, 1,125 ரூபாய். ஒரு இரவுக்கு ஒன்பது ரூபாய்க்கு மேல்.

அப்புறம் சுவரில் சொருகிச் சார்ஜ் போடுகிற பிளாஸ்டிக் லைட், 350 ரூபாய். உள்ளே சின்ன ஈய பேட்டரி இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு வருஷம்தான் தாங்கியது. காரணம் எனக்குப் பிறகுதான் புரிந்தது. அறுவடை முடிந்ததும் அதை அப்படியே பரண்மேல் போட்டுவிடுவோம். ஈய பேட்டரியைச் சார்ஜ் இறங்கிய நிலையில் மாதக்கணக்கில் விட்டால் தகட்டில் சல்பேட் படிந்து செத்துவிடும். ஆனால் கணக்கு? ஒரு இரவுக்கு 2 ரூபாய் 90 பைசாதான்.

இப்போது என் கையில் இருப்பது அலுமினிய உடம்பு லைட். கஜா புயலுக்குப் பிறகு, 2019-இல் வாங்கினேன். லைட் 1,450, இரண்டு செல் 850, ஆக 2,300. நடுவில் ஒரு செல் மாற்ற 450. மொத்தம் 2,750. ஆறு சம்பா பார்த்துவிட்டது, 720 இரவு. ஒரு இரவுக்கு 3 ரூபாய் 80 பைசா.

ஆக, காசை மட்டும் பார்த்தால் 350 ரூபாய் லைட்தான் மலிவு. இதை நான் மறைக்க விரும்பவில்லை. வித்தியாசம் இரவுக்கு 90 பைசா. அந்த 90 பைசா எதற்கு என்று சொல்கிறேன்.

2017 ஐப்பசியில் ஒரு நாள், தூறல். வரப்பில் பாதி தூரம் போயிருப்பேன், அந்தப் பிளாஸ்டிக் லைட் மங்கக்கூட இல்லாமல் பட்டென்று அணைந்தது. தட்டினேன், எரியவில்லை. மடியில் பையில் சுற்றி வைத்திருந்த போனை எடுத்து விளக்கைப் போட்டால், இரண்டு தப்படி முன்னால் வைக்கோல் துணுக்குமேல் கண்ணாடி விரியன். அசையாமல் நின்றேன். அதுவாக வயலில் இறங்கிப் போனது. இந்தியாவில் 2000-லிருந்து 2019 வரை பாம்புக் கடியில் வருஷத்துக்குச் சராசரி 58,000 பேர் செத்திருக்கிறார்கள் என்று ஒரு ஆய்வுக் கணக்கு உண்டு. அதில் பெரும்பாலோர் கிராமத்து ஆட்கள். கட்டுவிரியன் இரை தேடுவது ராத்திரியில்தான். லைட் நடுவழியில் அணைந்தால் உங்களுக்கு என்ன ஆகும் என்ற கேள்விக்கான பதில்தான் பட்ஜெட்டின் மேல்பாதியை முடிவு செய்ய வேண்டும். எங்கள் அத்தைக்கு ராத்திரி கொல்லைப்புறம் போக, பென்சில் செல் போடுகிற 150 ரூபாய் லைட் போதும். அணைந்தால் ஒரு குரல் கொடுத்தால் ஆள் வந்துவிடும். எனக்கு அப்படியில்லை.

கூட்டிக் கொடுக்கிற காசு எங்கே போக வேண்டும் என்பதிலும் எனக்குத் தீர்மானமான கருத்து இருக்கிறது. முதலிடம் சுவிட்ச். லைட்டில் சீக்கிரம் கெடுவது அதுதான். ஐம்பது தடவை அழுத்திப் பாருங்கள், ஒரு தடவை தடுமாறினாலும் வேண்டாம். அடுத்தது தண்ணீர். தண்ணீரைத் தாங்கும் தரத்தை ஐபிஎக்ஸ் என்ற எண்ணில் போட்டிருப்பார்கள். ஐபிஎக்ஸ் 4 என்றால் மழைத் தூறல் தாங்கும். ஐபிஎக்ஸ் 7 என்றால் ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் தாங்கும். வாய்க்காலில் விழாத லைட் கிடையாது, அதனால் 7 வாங்குங்கள். முன்னே பின்னே இழுத்து வெளிச்சத்தைக் குவிக்கிற மாடலில் அந்த இழுக்கும் இடம் வழியாகவே தண்ணீர் போகும், நான் தொடமாட்டேன்.

மூன்றாவது, வெளிச்சத்தின் நிறம். இதற்கு 200 ரூபாய் கூடுதலாகக் கேட்டாலும் கொடுங்கள். 6,500 கெல்வின் என்று போட்ட நீல வெள்ளையில் மண், வைக்கோல், காய்ந்த புல் எல்லாம் ஒரே சாம்பலாகத் தெரியும். 4,000, 4,500 கெல்வினில் பழுப்புக்குள் பழுப்பு பிரிந்து தெரியும். விரியன் பழுப்புதான். வாங்கும்போது ஒரு பிடி வைக்கோலில் பழைய தேங்காய்க் கயிற்றை வைத்துப் பாருங்கள், பத்து தப்படியில் கயிறு கண்ணில் படுகிறதா என்று. கடைக்குச் சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் போனால் வாசலிலேயே பார்த்துவிடலாம்.

செல்லில் மிச்சம் பிடிக்காதீர்கள். 18650 அளவில் வழக்கமான உச்சம் 3,500 மில்லி ஆம்பியர் மணிக்குப் பக்கம்தான். 9,900 என்று அச்சடித்திருந்தால் பொய். மளிகைக் கடைத் தராசில் வைத்துப் பாருங்கள், சரியான செல் 45 கிராமுக்குப் பக்கம் இருக்கும். 30 கிராம் காட்டினால் உள்ளே காலி. உதிரி செல்லைச் சில்லறை, சாவியோடு சட்டைப் பையில் போடக் கூடாது, முனைகள் உரசினால் தீப்பிடிக்கும். யூஎஸ்பி சி துளை உள்ள லைட் என்றால் உங்கள் போன் சார்ஜரையே கொண்டுபோய்ச் சொருகிப் பார்த்து வாங்குங்கள். மலிவானவை சில, இரண்டு பக்கமும் சி முனை உள்ள கேபிளில் சார்ஜ் ஏறாது.

நெற்றியில் மாட்டுகிற லைட் வேண்டுமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். கொட்டகைக்குள் பியூஸ் போட, இரண்டு கையாலும் மண்வெட்டி பிடித்து மடை வெட்ட நல்லது, 500 ரூபாய்க்குள் ஒன்று போதும். நடக்க அது சரிவராது. கண்ணுக்குப் பக்கத்திலிருந்து வெளிச்சம் போனால் குழியின் நிழல் நமக்குத் தெரியாது, வரப்பு சமதளமாகத் தெரியும். இடுப்பு உயரத்தில் பிடித்தால் மேடு பள்ளம் நிழல் விழுந்து தெளிவாகத் தெரியும். மழைக்காலத்தில் பூச்சி முழுக்க முகத்துக்கு வருவது வேறு.

இன்னொன்று. பட்ஜெட்டில் 200 ரூபாயை இரண்டாவது லைட்டுக்கு எடுத்து வையுங்கள். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா அடித்தபோது எங்கள் தெருவுக்குக் கரண்ட் திரும்ப வர மூன்று வாரத்துக்கு மேல் ஆனது. சார்ஜ் போடுகிற லைட் எல்லாம் நாலாவது நாள் செத்தது. கடைகளில் கட்டையும் தீர்ந்துபோனது. அன்று உதவியது பென்சில் செல் போட்ட ஒரு சின்ன லைட். அதை இன்றும் வைத்திருக்கிறேன், செல்லைக் கழற்றித் தனியே வைத்து. உள்ளேயே விட்டால் கசிந்து ஸ்பிரிங்கைத் தின்றுவிடும்.

இதையெல்லாம் சேர்த்தால், ராத்திரி வயலுக்குப் போகிறவருக்கு செல்லோடு 1,500-லிருந்து 2,500 வரை சரியான தொகை. 3,000-க்கு மேல் போனால் கிடைப்பது தூரமும் உச்ச லூமனும்தான். காட்டில் ரோந்து போகிறவர், கடலில் படகு தேடுகிறவர் கொடுக்கலாம். 1,000-க்குக் கீழே பார்த்தவற்றில் சுவிட்ச், தண்ணீர், செல் மூன்றும் ஒருசேர நன்றாக இருந்த லைட்டை நான் இன்னும் பார்க்கவில்லை.

பையன் 1,850 ரூபாய்க்கு ஒன்று எடுத்தான், 4,000 கெல்வின், 220 மீட்டர் என்று போட்டது. முதல் நாள் ராத்திரி நானும் கூடப் போனேன். மதகில் நின்று அடித்தபோது கொட்டகைக் கதவின் தாழ்ப்பாள் தெரிந்தது. 6,000-இல் மிச்சம் இருந்த பணத்தில் அவனுக்கு முழங்கால் வரை வருகிற கம் பூட்ஸ் ஒரு ஜோடி வாங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.